பூதத்தான் ஓடை

பூதத்தான் ஓடையா? அது நான்தாம்மா.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஓடையால எனக்குப் பேரு வரலை. என்னால ஓடைக்குப் பேரு வந்தது. நீங்க விரிச்சு வச்சிருக்கீங்களே பழைய சர்வே படம், அதுல மலை, பாறை, ஊத்து, ஓடைன்னு ஒரு எண்பது பேரு இருக்கும். முக்கால்வாசி என் வாயில இருந்து போனது. எனக்கு எழுத்து தெரியாது. என் பேரு மட்டும் பார்த்தா தெரியும், அந்தப் படத்துல பார்த்துப் பார்த்துப் பழகினதுதான். ஓடை வளையுற இடத்துல அதுவும் கூடவே வளைஞ்சு போகும் பாருங்க.

அந்தக் கட்டில்ல உட்காராதீங்க, கயிறு தளர்ந்து போச்சு. உட்கார்ந்தா தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. சாயா வருது. பால் இல்லாச் சாயாதான். இந்தக் காலனியில மாடு வச்சா சிறுத்தைகிட்ட உத்தரவு கேட்டுத்தான் கறக்கணும்.

என்ன கேட்டீங்க? ஓடைப் பேரு சரியான்னு. சரிதான். அப்புறம் இன்னொண்ணு கேட்டீங்க. மேல இருந்து புதுசா எடுத்த படத்துல, ஓடைக்கு வடக்க, ஒரு பள்ளத்துல பலாமரம் வரிசையா தெரியுது, அது என்ன இடம்னு.

அது காடும்மா.

நீங்க எழுதாம பேனாவைப் பிடிச்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பார்க்கிறீங்க. அந்தப் பழைய படத்தைப் போட்ட கோதண்டம் சாரும் இப்படித்தான் பார்ப்பாரு. உங்களுக்கும் காதோரம் நரை தட்டியிருச்சு, நாலு மலை ஏறி இறங்கினவங்க மாதிரித்தான் தெரியுது. உங்ககிட்ட சொன்னா என்ன. அந்த மனுஷன் மட்டும் கண்ணைத் தொறந்து பார்த்திருந்தா, நாங்க பதினோரு குடும்பம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழ கிடந்து வேக மாட்டோம். அவரு பண்ணின கூத்துதான் எல்லாம். முப்பத்தாறு வருஷமா நான் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மாசி மாசம். மலையை அளந்து படம் போட ஒரு கூட்டம் வந்தது. டெண்ட்டு, பெட்டி, மூணு கால் வச்ச பலகை, கோடு கோடா சிவப்பு வெள்ளை அடிச்ச கம்பு. அவங்களுக்கு வழி தெரிஞ்ச ஆள் வேணும். எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. மலைக்காரங்கள்ல நான்தான் கீழ சந்தைக்குப் போய்வந்து நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவன். ரெண்டு நாள் சோதிச்சுப் பார்த்தாரு கோதண்டம் சார். மூணாம் நாள் கம்பைத் தூக்கி என் தோள்ல வச்சாரு.

ஆளு ஒல்லி. அம்மா, அந்த ஒல்லியை நீங்க பார்த்திருக்கணும், அட்டை கூட கடிச்சுப் பார்த்துட்டு யோசிக்கும். முழங்கால் வரைக்கும் புகையிலைத் தண்ணியில நனைச்ச துணியைச் சுத்திக்குவாரு. யானைச் சாணியைக் கண்டா சூடா ஆறிப்போச்சான்னு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாரு. நான் சும்மா, "இப்பத்தான் போட்டது சார், பக்கத்துலதான் நிக்கும்"ம்பேன். அன்னைக்கு வேலை சீக்கிரம் முடியும்.

ஆனா பலகை முன்னால நின்னுட்டா அவரு வேற ஆளு. மூணு காலை விரிச்சு நிறுத்தி, அதுக்கு அடியில ஒரு பித்தளைக் குண்டைக் கயித்துல தொங்கவிடுவாரு. கொத்தனாருங்க சுவருக்குப் பிடிப்பாங்களே தூக்குக்குண்டு, அதே மாதிரி, இன்னும் கொஞ்சம் சின்னது. அது ஆடாம நிக்கணும். அது ஆடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. அது நின்னப்புறம்தான் பென்சிலைத் தொடுவாரு.

படத்துல சுத்திச் சுத்திக் கோடு இருக்கு பாருங்க. இது என்ன சார், மலைக்குப் பாம்பு சுத்தின மாதிரின்னு கேட்டேன். ஒரே உயரத்துல ஏறாம இறங்காம நடந்தா வர்ற கோடுப்பா அதுன்னாரு. நான் சொன்னேன், அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பாடு, மிளா நடக்கிற தடத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, பெரிய மான் அது, வீணா ஏறாது, வீணா இறங்காதுன்னு. மனுஷன் பென்சிலைக் கீழ வச்சுட்டாரு. மறுநாள் என்னைக் கூட்டிக்கிட்டு மிளா தடத்துல நடந்து பார்த்தாரு. அவர் கோடும் மிளா தடமும் ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்துச்சு. அதுக்கப்புறம் அவருக்கு நான் கூலிக்காரன் இல்லை. சாப்பிடுறப்ப தன் தட்டுக்குப் பக்கத்துல என் தட்டை வைக்கச் சொன்னாரு. அது உண்மை. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

பேரு கேக்கிறதுல அவருக்கு ஒரு வழக்கம். ஒரு இடத்தோட பேரை மூணு தடவை கேப்பாரு. ஒரே நாள்ல இல்லை. வேற வேற நாள், வேற வேற நேரம். ஏன் சார்னு கேட்டா, "முதல் தடவை என்னைப் பார்த்துப் பயந்து சொல்வீங்க. ரெண்டாவது தடவை எனக்குப் பிடிக்கும்னு சொல்வீங்க. மூணாவது தடவை சொல்றதைத்தான் நான் எழுதுவேன்" அப்படிம்பாரு. மூணும் ஒண்ணா இருந்தா நோட்டுல எழுதி, சொன்ன ஆள்கிட்ட கைநாட்டு வாங்கிக்குவாரு.

இப்ப எங்க வழக்கம் ஒண்ணு சொல்லணும். இதைச் சொல்லலைன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

எங்கள்ல ஒருத்தர் செத்துட்டா அந்த ஊரை விட்டு எல்லாரும் எழுந்திரிச்சுப் போயிருவோம். குடிசையை அப்படியே விட்டுருவோம், மழையில விழட்டும்னு. மலைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வருஷம் இருப்போம். செத்த மாசம் சுத்தி வந்தப்புறம் திரும்பி வந்து புதுக் குடிசை போடுவோம். அந்த ஒரு வருஷமும் ஊர்ப் பேரை வாயால சொல்லக் கூடாது. ஆள் பேரைச் சொல்லலாம், அழலாம், திட்டலாம், ஊர்ப் பேரை மட்டும் சொல்லக் கூடாது. ஏன்னா செத்தவங்க அப்பத்தான் வழி பழகிக்கிட்டுப் போறாங்க. ஊர்ப் பேரு காதுல விழுந்தா, நம்மளைக் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்ப்பாங்க. திரும்பினா வழி விட்டுப்போகும். அங்கேயும் சேர முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. வெளியாள் வந்து கேட்டா, ஊரே இல்லை, காடுன்னுதான் சொல்லணும். எங்க அப்பன் சொன்னான், அவன் அப்பன் சொன்னான்.

சர்வே கூட்டம் வந்த மாசிக்கு முந்தின கார்த்திகையில மாதி செத்துப்போனா.

மாதி என் சம்சாரம். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கே நின்னுருச்சு. எங்க அத்தைதான் மருத்துவம் பார்க்கும், அது கையை உதறிட்டு, கீழ கொண்டுபோங்கடான்னுச்சு. வேட்டியில தூளி கட்டி, மூங்கில்ல கோத்து, நானும் என் தம்பி ஈச்சனும் இன்னும் ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டு ஓடினோம். அடைமழை. ஓடையில வெள்ளம் பாறையை உருட்டிக்கிட்டுப் போகுது. இறங்க முடியலை. இந்தக் கரையில நின்னுக்கிட்டே இருக்கோம். வெள்ளம் இறங்கும் இறங்கும்னு பார்க்கிறோம். உச்சிப்பொழுதுக்கு, தூளிக்குள்ள இருந்து, "கனமா இருக்கேனா"ன்னு கேட்டா. "இல்லைம்மா, நீ என்ன கனம்"னேன். அதுதான் கடைசிப் பேச்சு.

அப்ப அந்த ஓடைக்குப் பேரு கிடையாது. தண்ணின்னுதான் சொல்லுவோம்.

அதே ஓடையில, சித்திரையில, கோதண்டம் சார் கால் வழுக்கி விழுந்தாரு. கோடையிலயும் அங்க ஒரு மடு உண்டு, இழுக்கும். நான் கம்பை நீட்டி, அவரு பிடிக்க, இழுத்துப் போட்டேன். மனுஷன் தன் உசுரைக் கூடப் பார்க்கலை, "குண்டு, குண்டு"ங்கிறாரு. பித்தளைக் குண்டு பாறையில அடிபட்டு ஒரு பக்கம் நசுங்கிப்போச்சு, கயிறு அறுந்துபோச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நான் ஆத்தி நார் உரிச்சு, மூணு புரியா பின்னி, அதுக்குப் புதுக் கயிறு கட்டிக் கொடுத்தேன். நுனியில ரெண்டு முடிச்சு போட்டேன், தேனெடுக்கிற கயித்துக்குப் போடுவோமே, அந்த முடிச்சு. அவரு அதைத் தடவித் தடவிப் பார்த்தாரு. இந்த ஓடைக்கு என்னப்பா பேருன்னாரு. பேரு இல்லை சார், தண்ணின்னேன். "இனிமே இது பூதத்தான் ஓடை. நான் எழுதுறேன், அச்சாயி வரும்" அப்படின்னாரு.

எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா. பொய் சொல்லக் கூடாது. மாதி போன தண்ணிக்கு என் பேரு. அவளும் நானும் ஒரு இடத்துல இருக்கிற மாதிரி ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். மாதி கதையை மட்டும் நான் அவருகிட்ட சொல்லலை. சொன்னா எந்த ஊருன்னு கேப்பாரு.

கேக்காம இருப்பாரா? கேட்டாரு. கழுகுமொட்டைப் பாறை மேல பலகையை வச்சுப் பார்க்கிறப்ப, "பூதத்தான், அந்தப் பள்ளத்துல என்ன இடம்?" அப்படின்னாரு.

"காடு சார்."

"ஆள் இருக்கா?"

"யாரும் இல்லை சார்."

நாலஞ்சு நாள் கழிச்சு, நான் எவ்வளவோ சுத்துவழியில கூட்டிக்கிட்டுப் போயும், பள்ளத்துக்கே வந்து நின்னுட்டோம். குடிசையெல்லாம் விழுந்து கிடக்கு. என் குடிசை வாசல்ல அடுப்புக்கல் மூணும் அப்படியே இருக்கு. மாதி வச்ச கல்லு.

"இது என்னப்பா, அடுப்பு மாதிரி இருக்கு?"

"தேனெடுக்க வந்தவங்க கஞ்சி காய்ச்சியிருப்பாங்க சார்."

"பலாமரம் இருக்கே?"

"கரடி தின்னுட்டுப் போட்ட கொட்டை சார்."

"கரடி வரிசையா போடுமா?"

"எங்க கரடி போடும் சார்."

சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்த அடுப்புக்கல்லுப் பக்கத்துல நின்னு சிரிச்சேன். சிரிக்கலைன்னா மாதி திரும்பிப் பார்த்துருவாளே, அதுக்காக.

மூணாவது தடவை கடைசி நாள் கேட்டாரு. பேரையெல்லாம் வரிசையா வாசிச்சுட்டு, "கடைசியா கேக்கிறேன் பூதத்தான். அந்தப் பள்ளத்துல ஊரு ஏதும் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னைக்கு நீ இல்லைன்னா, அது இல்லைதான்" அப்படின்னாரு. நான் இல்லைன்னேன். மை தடவி என் கட்டைவிரலைப் பிடிச்சு நோட்டுல வச்சாரு. மறுநாள் சாமானெல்லாம் கட்டிக்கிட்டுப் போனாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. அடுப்பைப் பார்த்தவருக்கு, வரிசை மரத்தைப் பார்த்தவருக்கு, அது ஊருன்னு தெரியாதா? படிச்ச மனுஷன். நான்தான் இல்லைன்னேன், அவரு கண்ணு எங்க போச்சு? அதனாலதான் சொல்றேன், தப்பு அவருதுன்னு. நான் எங்க வழக்கத்தைக் காப்பாத்தினேன். அவ்வளவுதானே நான் பண்ணினது.

சாயா ஆறுது, குடிங்க.

அந்தக் கார்த்திகை சுத்தி வந்ததும் நாங்க திரும்பிப் போயிட்டோம். புதுக் குடிசை போட்டோம். ஈச்சனுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கும் பண்ணிவைக்கப் பார்த்தாங்க, நான் வேண்டாம்னுட்டேன். மாதி அடுப்புலயே நான் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தேன். பதினாலு வருஷம். படத்தை நானும் மறந்துட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஆபீசருங்க வந்தாங்க. இந்த மலை முழுக்க இனிமே சரணாலயம், மனுஷன் இருக்கக் கூடாதுன்னாங்க. பழைய குடிகளுக்கு வேற சட்டம், நீங்க பழைய குடி இல்லை, பின்னால வந்து காட்டைப் பிடிச்சவங்கன்னாங்க. எங்க மூப்பனுக்குக் கோவம் வந்துருச்சு. "இந்தப் பலா எங்க தாத்தன் நட்டது. நீ பொறக்கிறதுக்கு முன்னால நாங்க இதுல பழம் தின்னவங்க" அப்படின்னாரு. வந்திருந்த கிளார்க்கு படத்தைத் தரையில விரிச்சான். "தாத்தா, கவர்மெண்டு படம் இது. இங்க காடுன்னுதான் போட்டிருக்கு. ஊரு இல்லை. பாறை இருக்கு, ஊத்து இருக்கு, இந்தா, பூதத்தான் ஓடைன்னு ஒரு ஓடை கூட இருக்கு" அப்படின்னு வாசிச்சான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

அந்தப் பார்வையை நான் என்னன்னு சொல்ல. மூப்பன், அத்தை, பொம்பளைங்க, பதினோரு குடும்பம். ஈச்சன்தான் கேட்டான். "அண்ணே, நீதானே அவங்ககூடப் போன. நம்ம ஊரைச் சொல்லலையா?"

வழக்கம்னு சொல்லியிருக்கலாம். மாதி வருஷம் அது, அதனால சொல்லலைன்னு சொல்லியிருந்தா அவங்களுக்குப் புரியாதா? அத்தைக்குப் புரியாதா? ஆனா அந்தக் கிளார்க்கு என் பேரை வாசிச்சுட்டானே. ஊரு இல்லாத படத்துல என் பேரு மட்டும் இருக்கு. கரடின்னு சொல்லிச் சிரிச்சது வேற ஞாபகம் வந்துருச்சு. வாயில என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"சொன்னேன் தம்பி. மூணு தடவை சொன்னேன். அந்த ஆளு எழுதாம விட்டுட்டான்."

அவ்வளவுதான். அன்னையில இருந்து கோதண்டம் சார் எங்களுக்கெல்லாம் துரோகி ஆயிட்டாரு. பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்தினாங்க. லாரியில ஏத்தி இங்க இறக்கினாங்க. முதல் கோடையிலயே மூப்பன் போயிட்டாரு, அடுத்த வருஷம் அத்தை. சாகிறப்பவும் அத்தை, "அந்தச் சர்வேக்காரன் கை விளங்காது"ன்னுட்டுத்தான் செத்துச்சு. நான் தலைமாட்டுல உட்கார்ந்து, "ஆமா அத்தை"ன்னேன்.

ஈச்சன் விடலை. முப்பது வயசுக்கு மேல, இங்க பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்ட உட்கார்ந்து எழுத்துப் படிச்சான். மனு எழுதுறதுக்காகவே படிச்சான். 'எங்கள் அண்ணன் மூன்று முறை சொல்லியும் சர்வே அதிகாரி வேண்டுமென்றே எழுதவில்லை'ன்னு ஒவ்வொரு மனுவிலயும் எழுதி, எனக்கு வாசிச்சுக் காட்டுவான். "சரியா அண்ணே?"ம்பான். "சரிதான் தம்பி"ம்பேன். எல்லா மனுவுக்கும் ஒரே பதில்தான். படத்துல இல்லை.

நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒருநாள், "அந்த ஆளையே கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சு, ஏன்டா எழுதலைன்னு சட்டையைப் பிடிச்சுக் கேக்கிறேன்"னு கிளம்பிட்டான். நான் வேண்டாம் வேண்டாம்னேன். கேக்கலை. பட்டணம் போய் ஒன்பது நாள் கழிச்சு வந்தான். காலெல்லாம் வெடிச்சு, ஆளே இளைச்சுப் போயிருந்தான்.

"பார்த்தியா?"ன்னேன்.

"இல்லை அண்ணே. ஆளு செத்துப்போயிட்டாராம்."

அப்பாடான்னு இருந்துச்சு. அதையும் சொல்லிர்றேன். கஞ்சி ஊத்தி வச்சேன். அவன் குடிக்காம என்னையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "அண்ணே, இன்னொரு தடவை கேக்கிறேன். நீ சொன்னியா?" அப்படின்னான். கோவமா கேக்கலை. சின்னப் பிள்ளைகிட்ட கேக்கிற மாதிரி கேட்டான்.

"சொன்னேன் தம்பி"ன்னேன்.

"சரி அண்ணே"ன்னு கஞ்சியை எடுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் அவன் மனுவுல அந்த வரியை எழுதுறதில்லை. கேட்டா, அதிகாரியைத் திட்டினா மனுவை வாங்க மாட்டாங்க அண்ணேன்னான். நான் கோதண்டம் சாரை வைதேன்னா, "விடு அண்ணே, பாவம், அவரு கேட்டிருப்பாரு"ம்பான். எனக்கு அது புதிரா இருக்கும். இவன் என்னடா அந்தத் துரோகிக்குப் பரிஞ்சு பேசுறான்னு வருத்தப்படுவேன். வருத்தப்பட்டு ரெண்டு நாள் பேசாம இருப்பேன். அவனே வந்து கூப்பிடுவான். மாசத்துல ஒருநாள் ஆத்துமீன் வாங்கினா, பெரிய துண்டு என் தட்டுக்குத்தான் வரும். தம்பி சம்சாரம் கூட முனகும், பிள்ளைங்களுக்கு இல்லாம அண்ணனுக்கா படையல்னு.

போன ஐப்பசியில அவன் செத்துட்டாம்மா. நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரி வேண்டாம்னுட்டான். நான் பக்கத்துலயே இருந்தேன். செத்த அன்னைக்குக் காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, கடைசியா கேக்கிறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. நம்ம ஊரை நீ சொன்னியா?" அப்படின்னான்.

சாகப்போறவன்கிட்ட என்னன்னு சொல்றது? அத்தனை வருஷம் நம்பினவன். நிம்மதியா போகட்டும்னு, "சொன்னேன் தம்பி"ன்னேன். கையை விட்டுட்டான். சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டான்.

இப்ப உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். அவன் இந்தக் காலனியில செத்தாலும் அவன் ஊரு இது இல்லை. அதுதான். ஐப்பசி சுத்தி வர்ற வரைக்கும் அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது. இப்பத் தை மாசம். நீங்க ஐப்பசிக்கு வாங்களேன்.

முடியாதா? நாளைக்கே ஊர்ப் பேருப் பட்டியல் போகுதா? அதுல பழைய ஊருன்னு ஏறிட்டா, மனுவுக்கு அது ஒரு பிடிமானம்னு சொல்றீங்க. பதினோரு குடும்பம் இப்ப இருபத்தேழு ஆயிருச்சு. ஈச்சன் மகன்தான் இப்ப மனு எழுதுறான். எனக்குத் தெரியாம இல்லை. ஆனா மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லணும்.

மறுபடி கேட்டுட்டீங்களா? காடுதாம்மா. ஆளில்லாத காடு.

கோவிச்சுக்காதீங்க. இருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன், நீங்க இந்தத் தொழில்ல இருக்கிறவங்க, பார்த்தா சந்தோஷப்படுவீங்க. ஈச்சன் தகரப்பெட்டியைப் பதினாறு கழிச்சுத் திறந்தோம். மனு நகலுக்கெல்லாம் அடியில, துணியில சுத்தி, இது இருந்தது. பிடிங்க. கனம் தெரியுதா? கோதண்டம் சார் குண்டு இதுதான். ஒரு பக்கம் நசுங்கியிருக்கு பாருங்க. கயிறு நான் பின்னின ஆத்தி நாரு. முடிச்சைப் பாருங்க, அம்பது வருஷமாகியும் அவிழலை. காட்டுல எங்கேயாவது தவற விட்டிருப்பாரு. மலையில இருந்தப்ப ஈச்சன் கண்டெடுத்து வச்சிருப்பான், எங்கிட்ட காட்டாம.

என்ன கேக்கிறீங்க? எப்பத் தவற விட்டாருன்னா?

அவரு எங்க தவற விடுவாரு, அதை உசுரா வச்சிருந்தாரு. கடைசி நாள் நான்தானே இதைத் துடைச்சு, துணியில சுத்தி, பலகைப் பெட்டியில வச்சேன். பெட்டியைத் தலையில வச்சுக் கீழ வரைக்கும் இறக்கி, நான்தானே ஜீப்புல ஏத்தினேன். ஜீப்பு புளியந்தோப்பு திரும்புற வரைக்கும் நின்னு பார்த்தேன். நான் பின்னின கயிறு பட்டணம் போகுதுன்னு...

இருங்கம்மா.

ஒன்பது நாள்.

பார்த்திருக்கான். அவரைப் பார்த்திருக்கான் அம்மா. செத்துட்டாருன்னு சொன்னானே. சட்டையைப் பிடிச்சிருப்பான், அவரு உள்ள போயி அந்த நோட்டை எடுத்து வந்திருப்பாரு. என் கட்டைவிரலை இவனுக்குக் காட்டியிருப்பாரு. உங்க அண்ணன்கிட்ட மூணு தடவை கேட்டேன்ப்பான்னு சொல்லியிருப்பாரு. எப்படிக் கேட்டாருன்னு அந்த வார்த்தையோடவே சொல்லியிருப்பாரு. 'கடைசியா கேக்கிறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு.' அது அவரு வார்த்தை. நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. ஈச்சன் வாயில அது எப்படி வந்துச்சு? அன்னைக்கு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தும் எனக்கு உறைக்கலையே.

அவனும் மூணு தடவை கேட்டிருக்கான்.

முப்பது வருஷம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, பெரிய மீன் துண்டை என் தட்டுல போட்டிருக்கான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தம்பி, சொல்லலைடான்னு என் வாயில வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான். வந்திருந்தா சரி அண்ணேன்னு சொல்லியிருப்பான். அதுக்கும் அதேதான் சொல்லியிருப்பான். எனக்குத் தெரியும் அவனை.

நீங்க அழாதீங்க. உங்களுக்கென்ன, நீங்க வேலைக்கு வந்தவங்க. பேனாவை எடுங்க.

எடுங்கம்மா. ரெண்டு தடவை கேட்டீங்க, ரெண்டு தடவையும் காடுன்னுட்டேன். இன்னொரு தடவை கேளுங்க. அந்தப் பலாமரப் பள்ளம் என்ன இடம்னு கேளுங்க. தடைதான். அவன் வழியில போய்க்கிட்டு இருக்கான், பேரைச் சொன்னா திரும்பிப் பார்ப்பான், தெரியும். திரும்பட்டும். அங்க ரெண்டு எட்டு பிந்திப் போனா என்ன. அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லணும். நின்னு கேட்டுட்டுப் போகட்டும்.

கூவைக்குழி.

கூவைக்கிழங்கு விளையுற குழி. கூவைக்குழி. மாதி அடுப்பு அங்கதான் இருக்கு. நான் சொல்லலைடா ஈச்சா. மூணு தடவை கேட்டாரு, நான் காடுன்னேன். நீ மூணு தடவை கேட்ட, நான் சொன்னேன்னு சொன்னேன். கூவைக்குழி.

எழுதிட்டீங்களா? எனக்கு எழுத்து தெரியாது, நீங்க வாசிச்சாத்தான் உண்டு. வாசிங்க.

இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்கம்மா. மலை இங்க இருந்து ரொம்ப தூரம்.